ஜெட்டியில் ஓர் அழுகைக் காட்சி

போர்ட் பிளேர், 1966

அன்பு மருமகளே,

யாரும் நம்பமாட்டாத கதை ஒன்றைக் கடல் சாட்சியாகச் சொல்லப்போகிறேன். "மாப்பிள்ளைக்கு அந்தமானில் வேலையாம். சொந்தபந்தம் இல்லாத ஊரில் எப்படி இருப்பேன்? இந்த ஒருமுறையாவது உண்மையைச் சொல்லுங்கள் மாமா" என்று எழுதியிருக்கிறாய். முக்கால் படம் எடுத்த மகா டைரக்டரிடம் கேட்கிற கேள்வியா இது?

நான் இங்கே படமெடுக்க வந்தபோது எங்கள் கப்பலைத் திமிங்கிலங்கள்தான் தள்ளிவந்தன. கிளாப் அடிக்க ஒரு முதலை. சம்பளம் கேட்காது, வாயை மட்டும் நேரத்துக்கு மூடும். கடைசிக் காட்சியில் தாய்நாட்டுக் கரைக்குப் போகும் மெயின்லாண்டுக் கப்பல் கிளம்புகிறது, கப்பல் வந்து அணையும் ஜெட்டி மேடையில், ஆளே இல்லாமல், கதாநாயகி தனியாக நின்று அழவேண்டும்.

இங்கேயோ, கப்பல் கிளம்பினால் தெரிந்தவர் போகாவிட்டாலும் ஊரே வந்து கையசைக்கும். அன்று நாற்பதாயிரம் பேர்! "ஹட்டோ, ஹட்டோ" என்று கத்தி விரட்டி, கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்து நிற்கவைத்தேன். அவள் விசும்பியதுதான் தாமதம், அத்தனை பேரும் கேமரா முன்னால் பாய்ந்துவிட்டார்கள்.

ஜவுளிக்கடை நசீருதீன் பாய் எகிறினார்: "ஏன் சாப், ஒரு பொண்ணு தனியா நின்னு அழுவுது, நாங்க ஒளிஞ்சிருந்து வேடிக்கை பாக்கணுமா? நல்லா எடுக்குறீங்க படம்!" அவர் மனைவி ஜன்னத் பீவி அவள் கையில் டீயைத் திணித்தார். கப்பல் போயிற்று, படமும் போயிற்று.

கல்யாணமானாலும் கப்பலானாலும் கிளம்பும்போது வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு ஏறிவிடு.

முதலை பொய், திமிங்கிலம் பொய், நாற்பதாயிரம் மகா பொய். அவளைத் தனியாக அழவிடவில்லை என்பது மட்டும் நிஜம். அந்தக் கதாநாயகி இதைப் படித்துவிட்டு, அந்த ஒரு வரிக்கு மட்டும் தலையாட்டுகிறாள். உன் மாமிதான்.

ஜெட்டியில் கையசைக்கக் காத்திருக்கும்
உன் புளுகுணி மாமா