சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை

ஏப்ரல் 6, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது வீட்டில் ரிஜின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மலைக்குக் கீழே இருக்கும் மஞ்சள் பஸ் காலேஜுக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கொடுப்பவர் அவர்தான். நான் பிளஸ் டூ எழுதி முடித்ததை எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ.

"தங்கச்சிக்கு பி.காம்ல ஒரு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன் சித்தப்பா. போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. தொண்ணூத்தாறு பர்சன்ட் பாஸ்!"

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். அம்மாதான் பேசினாள்: "இவளாவது முடிப்பாளா? இன்னொருத்தி மாதிரி பாதியில பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா, நான் எங்க போயி முகத்த வெக்க?"

அந்த இன்னொருத்தி என் அக்கா ஷிஜி. அதே காலேஜில் அதே பி.காம் சேர்ந்து, இரண்டாம் வருடம் நடுவில் திரும்பி வந்தவள். அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

ஏப்ரல் 7

தொண்ணூற்றாறு! நூறில் நான்கு பேர்தான் தோற்கிறார்கள். அந்த நான்கில் நான் இருக்க மாட்டேன். கர்வமில்லை, கணக்கு.

ஏப்ரல் 12

இங்கே ஒரு பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்தால் ரோட்டு முக்கில் பிளெக்ஸ் வைப்பார்கள். அக்காவுக்கும் வைத்தார்கள், நீலச் சுடிதாரில் சிரித்த முகம். மழைக்காலம் வந்ததும் பக்கத்து லய வரிசையில் குடியிருக்கும் பெரியமுத்து மாமா அதைக் கழற்றி விறகு அடுக்கின் மேல் போட்டுக் கட்டிவிட்டார். நல்ல கனமான ஷீட், வீணாகலாமா என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் மாட்டுப்பட்டி அணைப் பக்கம் சாக்லேட் கடைக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா தன் முகத்தைத் தாண்டித்தான் நடக்கிறாள்.

சேர்ந்தால் பிளெக்ஸ். முடித்தால் என்ன வைக்கிறார்கள்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வைத்ததாக நினைவில்லை.

ஏப்ரல் 26

சித்திரபுரம் நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று. அதில், காலேஜ் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள் என்று ஒரு பத்தி. முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடத்துக்குத் திரும்பி வந்தார்கள்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள்?

அங்கேயே நின்று மூன்று தடவை படித்தேன். இரண்டு கேள்வியுமே 'சேர்ந்தவர்களில்' என்றுதான் தொடங்குகின்றன.

ரிஜின் அண்ணன் சொன்ன தொண்ணூற்றாறு எதில் தொண்ணூற்றாறு?

மே 3

அக்காவோடு சேர்ந்து, கடைசிவரை படித்து முடித்த ஜோமோள் அக்கா பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து வந்திருந்தாள். ரிசல்ட்டைச் சொல்ல வந்தவளுக்கு அக்கா முன்னால் அதைச் சொல்லக் கூச்சம். நான்தான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"பாஸ் தொண்ணூத்தாறா அக்கா?"

"ஆமா ஏட்டி, அது நெசந்தான். எழுதுனது இருபத்தொம்பது பேரு. ஒரே ஒருத்தன்தான் ஃபெயில்."

"சேந்தது?"

"அறுபது."

அக்கா நிமிர்ந்தாள். "நான் விட்டுட்டு வரும்போது அம்பது பேருக்கு மேல இருந்தாங்கல்லா?"

"நீ போன பிறகுதான் சொல்லிவெச்ச மாதிரி ஒவ்வொருத்தரா போனாங்க. வாட்ஸப் குரூப்ல லெஃப்ட், லெஃப்ட்னு வரும். பாத்து பாத்து எங்களுக்கே பழகிருச்சு."

அக்கா சின்னக் குரலில், "அப்ப நான் மட்டும் இல்லையா?" என்றாள்.

ஒன்றரை வருடமாக இவள் தன்னை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பத்தொரு பேரில் ஒருத்தி என்று யாரும் இவளிடம் சொல்லவில்லை. அந்த முப்பத்தொரு பேரும் அவரவர் ஊரில் தனித்தனியாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்களோ?

மே 4, ஞாயிறு

அப்பாவுக்கு விளக்கினேன். முதலில் சதவீதம் என்று தொடங்கினேன். கொட்டாவி விட்டார். அப்பா வேலை செய்வது தேயிலை பேக்டரியில், கொழுந்தை வாட்டப் போடும் இடத்தில். அதனால் அங்கிருந்தே தொடங்கினேன்.

"நூறு கிலோ பச்சைக் கொழுந்து வந்தா எவ்வளவு தூள் வரும்?"

"இருபத்திரெண்டு, இருபத்திமூணு."

"வாடின எலைய மட்டும் நிறுத்துட்டு, அதுல இவ்வளவு தூள்னு எழுதினா?"

"நல்லாத்தான் தெரியும். அது எப்படிட்டி கணக்காகும்? பேக்டரி கேட்டுக்குள்ள வந்ததையில்லா எழுதணும்!"

"காலேஜ்ல வாடினத நிறுத்துட்டு எழுதியிருக்காங்கப்பா. கேட்டுக்குள்ள வந்தது அறுபது. பரீட்சை எழுதினது இருபத்தொம்பது. அதுல இருபத்தெட்டு பாஸ். அதுக்குப் பேர்தான் தொண்ணூத்தாறு."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "சரியான ஆளுகதான்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

"எலையில தண்ணி போவுது. பிள்ளைக எங்க போச்சு?"

இதை எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை. என் அம்மா கத்தரீனாள் கேட்டாள். எழுதி வைக்கிறேன்.

மே 10

ரிஜின் அண்ணன் வந்தார். இன்று பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். ஆனாலும் கேட்டேன்.

"மூணு வருசத்துக்கு முந்தி பி.காம்ல எத்தன பேரு சேந்தாங்கண்ணே?"

"என்னது, இன்டர்வியூவா? சீட்டு நான் குடுக்கணுமா, நீ குடுக்கணுமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"ஒரு அறுபது."

"தொண்ணூத்தாறு பர்சன்ட்னா அம்பத்தேழு பேராவது முடிச்சிருக்கணும். முடிச்சது இருபத்தெட்டுதானே?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். "பாதியில போறவங்க எந்தக் காலேஜ்லதான் இல்ல? படிக்க மனசில்லாம போறவங்களுக்குக் காலேஜ் என்ன செய்யும்?"

"எனக்கு மனசு இருந்துச்சு."

அக்கா! அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். கையில் டீ டம்ளர்.

"காய்ச்சல்ல ரெண்டு வாரம் கிளாஸுக்குப் போகல. ஏன் வரலன்னு ஒரு டீச்சர் கேக்கல, ஹாஸ்டல்ல கேக்கல. திரும்பப் போனப்ப பாடம் எங்கயோ போயிருச்சு. கேட்டா, ஒன்னையெல்லாம் யாரு சேத்தான்னாங்க. எனக்கு மனசு இருந்துச்சுண்ணே. நான் இருந்தனா இல்லையான்னு பாக்கத்தான் அங்க ஆளில்ல."

அம்மா எழுந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி ரிஜின் அண்ணனிடம் கொடுத்தாள்.

"டீயக் குடிச்சிட்டுப் போ ரிஜின்," என்றார் அப்பா. "சீட்டு வேண்டாம்."

வாசலில் செருப்பைப் போடும்போது அவர் என்னிடம் சொன்னார்: "இந்தக் கணக்க எனக்கும் யாரும் சொல்லலம்மா." பொய்யாகத் தோன்றவில்லை. அவரும் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என் அக்கா. இன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்கா!

மே 11

அம்மா எங்கள் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுபோய்ப் பெரியமுத்து மாமா விறகின் மேல் போட்டுவிட்டு, அக்காவின் பிளெக்ஸைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டாள்.

மே 14

கீழே சமவெளியில், பெருமாட்டி ஊருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு சின்னக் காலேஜ். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் போயிருக்கிறார்கள். போன் செய்தேன். அலுவலகத்தில் எடுத்தவர் என் கேள்வி விளங்காமல் வணிகவியல் டீச்சரிடம் கொடுத்தார். அனுப்பிரியா டீச்சர். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"இதைய இதுவரைக்கும் ஒருத்தருமே கேட்டதில்லியே கண்ணு. இரு, பாத்துச் சொல்றேன்." லைனிலேயே இருந்தேன். சேர்ந்தது நாற்பது, எழுதியது முப்பத்துமூன்று, தேர்ச்சி இருபத்தொன்பது.

எழுதியவர்களில் எண்பத்தெட்டு சதவீதம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தொண்ணூத்தாற விடக் கம்மிதானே?" என்று முணுமுணுத்தாள். நானும் ஏப்ரலில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே அறுபது பேரை எடுத்து இருபத்தெட்டு. இங்கே நாற்பது பேரை எடுத்து இருபத்தொன்பது!

அம்மாவின் கேள்வியையும் கேட்டுவிட்டேன். பரீட்சை எழுதாத அந்த ஏழு பேர் எங்கே போனார்கள்?

"ரெண்டு பேரு நர்ஸிங் கெடைச்சு மாறிட்டாங்க. ரெண்டு பேரு குடும்பத்தோட வேற ஊருக்குப் போயி அங்கயே படிக்கறாங்க. ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கறா, அடுத்த வருசம் எழுதுவா. மிச்சம் ரெண்டு பேரு..." குரல் தயங்கியது. "அவங்க ஏன் போனாங்கன்னு எங்களுக்கே தெரியில கண்ணு. தெரிஞ்சிருக்கோணும்."

கடைசி வார்த்தைக்காகவே அந்தக் காலேஜ் எனக்குப் பிடித்துவிட்டது. இதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

இன்னொன்றும் விளங்கியது. போனவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் இல்லை. மாறிப் போனவர், பிறகு வருபவர் என்று இருக்கிறார்கள். எண் மட்டும் போதாது. எண்ணுக்குப் பின்னால் ஆளைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

மே 23

பிளஸ் டூ ரிசல்ட். எல்லாவற்றிலும் ஏ பிளஸ்! அப்பா பேக்டரியிலிருந்து டீத்தூள் மணத்தோடு ஓடி வந்தார், சட்டை மாற்றக்கூட இல்லை.

சாயங்காலம் எஸ்டேட் கிளப் பையன்கள் பிளெக்ஸுக்கு என் போட்டோ கேட்டு வந்தார்கள். "நான் இன்னும் சேரவே இல்லையே. முடிச்ச ஜோமோள் அக்காவுக்கு வையுங்க," என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முடிச்சதுக்கெல்லாம் பிளெக்ஸ் வெக்கிறதுண்டா?" என்றான் ஒருவன்.

வைக்கலாமே.

மே 30

முக்கில் பிளெக்ஸில் ஜோமோள் அக்கா, கறுப்புப் பட்டமளிப்பு அங்கியில். அக்கா கடைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 3

பெருமாட்டிப் பக்கத்துக் காலேஜுக்கு விண்ணப்பம் போட அக்காவின் போனை வாங்கினேன். பெயர் என்ற இடத்தில் ஏற்கெனவே ஷிஜி சுவக்கீன் என்று அடித்து, அனுப்பாமல் விட்டிருந்தது.

"சும்மா அடிச்சுப் பாத்தேன்," என்று பிடுங்கினாள். "எனக்கு இருபத்தொண்ணு வயசாச்சு ஏட்டி. ஒங்கூட ஃபர்ஸ்ட் இயர்ல உக்காந்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நானும் சிரிப்பேன். கூடத்தானே உக்காந்திருப்பேன்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ரெண்டு பேருக்கும் சேத்தே அனுப்புங்க. கடையில நான் சொல்லிக்கிடுதேன்."

ஜூலை 2

ஹாஸ்டல். என்ன வெயில்! மூன்று சட்டை மாற்றியாயிற்று. வகுப்பில் நாற்பது பேர். அக்காதான் எல்லாரிலும் மூத்தவள். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் இப்போதே 'ஷிஜிக்கா, ஷிஜிக்கா' என்று பின்னால் திரிகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஜூலை 17

காலையில் சாப்பிடப் போனபோது, ஹாஸ்டலில் சமைக்கும் பொன்னாத்தாள் அம்மா அக்காவைத் தடுத்து நிறுத்தினார். "உங்க மலைப்பக்கத்துப் புள்ள ஒண்ணு இருக்குதல்லங்க, ஆனந்தி? நேத்துல இருந்து சோறு உங்கலீங்க, தட்டத் தொடவே இல்லீங்க. பையக் கட்டி வெச்சிருக்குது."

ஆனந்தி வட்டவடை ஊர்க்காரி. இரண்டு நாளாக வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்தே இருந்தாள். நானும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். "நீ கிளாஸுக்குப் போ," என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

முதல் பீரியட், அனுப்பிரியா டீச்சர். பெயர் கூப்பிட்டார். ஆனந்தி பெயரில் நிறுத்தி, "ஏன் வரலை?" என்று கேட்டார். ஷிஜி பெயரிலும் நிறுத்தினார். நான் எழுந்து, வந்துவிடுவார்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? பாடம் நடந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீரியட் முடியப் போகும்போது வாசலில் இரண்டு பேர். ஆனந்தியின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் தலை பின்னியிருந்தது. அது அக்கா பின்னும் பின்னல், எனக்குத் தெரியும்.

"உள்ள வரட்டுமா டீச்சர்?"

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. வருகைப் பதிவைத் திறந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி கூப்பிட்டார்.

நாற்பது பேரும் இருந்தோம்.