கேடயமும் கமிட்டியின் கைரேகையும்

1958 ஜூலை 7

மழை இல்லை. பல்வலி உண்டு. பாடத்திட்டத்தை முடித்துவிட்டேன், பதினோரு பக்கம். தலைப்பு: 'உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் குற்றத் துப்பு விஞ்ஞானமும் குற்றநீதி முறையும்.' ஐந்தாம் பாரத்துக்கு வாரம் இரண்டு பீரியடு. காலடித் தடம், கைரேகை, காகிதம், தூசி, இரத்தக்கறை. பிறகு சாட்சி என்பது எது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன உரிமை, சந்தேகம் எந்த இடத்தில் நிரூபணம் ஆகிறது. நஞ்சு பற்றிய பகுதியை நானே அடித்துவிட்டேன். பெற்றோர் பயப்படுவார்கள்.

சென்னையில் இரசாயனம் படித்து, இருபத்தாறு வருடம் சர்க்கார் சோதனைச்சாலையில் செத்தவர்களின் இரைப்பைகளைச் சோதித்தவள் நான். போலீஸ் அனுப்பிய ஜாடிகளில் பாதியில் நஞ்சே இருக்காது. ஆனால் நான் அப்படி எழுதி அனுப்புவதற்குள் எங்கோ ஒரு மருமகள் மூன்று மாதம் சிறையில் இருந்திருப்பாள். அந்த மூன்று மாதத்தைக் குறைப்பதற்குப் பள்ளிக்கூடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

இந்த மே மாதம் பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். 'படித்த பெண்மணி ஒருவர்' என்று விதியில் ஓர் இடம் காலியாக இருந்ததாம். ஊரில் எனக்குப் பெயர் பி.ஏ. அம்மா. ஆனந்தமேரி என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில்.

ஜூலை 19

கமிட்டி கூடியது. தலைவர் சூசைமாணிக்கம், பூட்டுப் பட்டறைக்காரர், பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். படிக்கவில்லை.

"பி.ஏ. அம்மா, கோவிச்சுக்கிடாதீக. பூட்டு எப்படித் தெறக்கும்னு பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, நாங்க பூட்டு செஞ்சு என்னத்துக்கு?"

பூட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கேன். திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு, பூட்டைப் பத்தி ஒரு வரி இல்லாத பாடம் என்ன பாடம்?"

ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சோலைமலை அடுத்த உறுப்பினர். "எங்க காலத்துல இந்தக் கண்ணாடி, பௌடர் எல்லாம் ஏதும்மா? ரெண்டு தட்டு. உள்ள இருக்கிறது வெளிய வந்துரும்."

உள்ளே இல்லாததும் வரும் என்றேன். சிரித்தார். பாராட்டாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

தலைமையாசிரியர் வேலுசாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். மறுப்பதையும் தாம்பூலத் தட்டில் வைத்துத்தான் நீட்டுவார். "ஏனுங்கம்மா, இது சர்க்குலர்ல இல்லீங்களே."

"சர்க்குலரில் இல்லாததைத்தானே முன்மொழிய வேண்டும்?"

"அதுதானுங்க கஷ்டம்."

முடிவு: பரிசீலிக்கத் துணைக் கமிட்டி. அதன் உறுப்பினர்கள் அதே மூவர்.

ஆகஸ்டு 2

துணைக் கமிட்டி கூடவில்லை. சோலைமலைக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம்.

ஆகஸ்டு 23

கூடவில்லை. இம்முறை காரணமும் சொல்லவில்லை. முன்னேற்றம்.

அக்டோபர் 8

பள்ளியில் களவு. தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்த வெள்ளிக் கேடயம் காணோம். விளையாட்டு விழாவுக்காக அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்ததாம். பூட்டு உடையவில்லை, கீறலும் இல்லை. அது சூசைமாணிக்கம் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்த பூட்டு. பெட்டிக்கடைக்காரருக்குக்கூட அதன் பெருமை தெரியும்.

"என் பூட்டு மேல யாரும் குத்தம் சொல்லப்படாது" என்பதுதான் தலைவரின் முதல் வாக்கியம். கேடயத்தைப் பற்றி அவர் பேசியது நான்காவது வாக்கியத்தில்.

ஆகவே கமிட்டியின் தர்க்கம் இவ்வாறு சென்றது: பூட்டு நல்ல பூட்டு, சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் நல்ல மனிதர், எனவே அறையைப் பெருக்குகிறவள் கெட்டவள். பெருக்குகிறவள் பேச்சாயி. இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது வேலைக்கு வந்தவள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மட்டும் மறுத்தேன். குறிப்பில் 'ஒருமனதாக' என்று எழுதினார்கள்.

அக்டோபர் 10

காலையில் பேச்சாயி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

"அம்மா, நான் எடுக்கல. எடுத்தா எங்க கொண்டுபோய் வெப்பேன்? எங்க வீட்டுல கதவே இல்ல, சாக்குதான் தொங்குது."

தலைவரின் தர்க்கத்தைவிட இதில் சாரம் அதிகம்.

"வேல போனாப் போகுது. எனக்கு எங்கயும் ரெண்டு வேல கெடைக்கும். ஆனா குழாயடில ஒருத்தியும் பேச மாட்டேங்குறா. எம் மகளைப் பொண்ணு பாத்துட்டுப் போனவுக நேத்து ஆளு விட்டாக. கொஞ்ச நாள் போகட்டுமாம். திருட்டுப் பேரு போற வரைக்குமாம். அது எப்பம்மா போகும்?"

தெரியவில்லை என்றேன். பி.ஏ.வுக்கு அழகான பதில்.

அக்டோபர் 13

விஞ்ஞானப் பாடத்தைப் பரிசீலிக்க மூன்று மாதமாகக் கூட முடியாத துணைக் கமிட்டி, இன்று முழுப் பலத்துடன் வாடகைக் கார் பிடித்து வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தது. வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம்.

மையில் தெரிந்தது: பெண்; கறுத்த நிறம்; நடுத்தர உயரம்; வீட்டுக்கு இடப்பக்கம் தண்ணீர்; பொருள் இரும்புச் சத்தம் கேட்கும் இடத்தில்.

"அப்படியே பேச்சாயி!" என்றார் வேலுசாமி வியந்து.

என் வீட்டுக்கு இடப்பக்கம் கிணறு இருக்கிறது என்று நினைவூட்டினேன். மூவரும் என் நிறத்தைப் பார்த்தார்கள், உயரத்தைப் பார்த்தார்கள், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். இரும்புச் சத்தம் கேட்காத இடம் இந்த ஊரில் எது என்றும் கேட்டேன். "செத்த நேரம் சும்மா இருங்கம்மா" என்றார் சோலைமலை. இரண்டு தட்டு தட்டலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் 17

அலமாரியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். வேலுசாமி திறந்துவிட்டு வெளியே நின்றார். "எனக்குத் தூசி ஆகாதுங்க. தும்மல் வந்துட்டா நிக்காதுங்க."

அந்தத் தூசிதான் பேசியது. அலமாரிக்குப் பூட்டுதான் பிரமாதம். கதவு இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. மேல்தட்டில் மாதக்கணக்கான தூசி. கேடயம் அண்மையில் எடுக்கப்பட்டிருந்தால் அது நின்ற இடம் தூசியில்லாமல், கட்டம் போட்டது போலத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டமே இல்லை. தட்டு முழுவதும் ஒரே கனம். கோடை விடுமுறைக்கு முன்பே கேடயம் அங்கிருந்து போயிருக்கிறது. அப்போது பேச்சாயி இந்தப் பள்ளியின் வாசலையே மிதிக்கவில்லை!

இருபத்துநான்காம் தேதி கமிட்டியைக் கூட்டும்படி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது விசில் அடித்தேனோ? இந்த வயதில்.

அக்டோபர் 20

நாளை சரஸ்வதி பூஜை. பள்ளி முழுவதும் கழுவித் துடைத்தார்கள்.

அக்டோபர் 24

அலமாரியைத் திறந்து காட்டினேன். மேல்தட்டு பளபளத்தது. தூசி ஒரு துளி இல்லை. நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு வாடிய சாமந்தி. பூட்டுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து மூன்று பொட்டு வைத்திருந்தார் சூசைமாணிக்கம். ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜையன்று பூட்டைப் பட்டினி போட அவருக்கு மனம் வராது.

நான் கண்டதைச் சொன்னேன்.

"சரிம்மா" என்றார் சோலைமலை. "நீங்க பாத்ததுக்குச் சாட்சி யாரு?"

யாருமில்லை.

"மகஜர் எழுதுனீகளா?"

எழுதவில்லை.

"அப்ப கோர்ட்டுல இது நிக்குமா, நிக்காதா? நீங்களே சொல்லுங்க."

நிற்காது. முப்பது வருட உத்தியோகத்தில் அந்த மனிதர் கேட்ட சரியான கேள்வி இது ஒன்றாகத்தான் இருக்கும். அதை என்னிடம் கேட்டார்.

அக்டோபர் 25

என் பாடத்திட்டம், பக்கம் மூன்று: 'தடயத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இரு சாட்சிகள் முன் பார்த்து, அப்போதே எழுதி, கையொப்பம் பெற வேண்டும்.' எழுதியவள் நான். எந்த ஐந்தாம் பாரத்துப் பையனும் இந்தக் கேள்வியில் தேறியிருப்பான். முட்டாள் கிழவி.

நவம்பர் 3

என் பாடத்திட்டத்தைப் பற்றி என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். இந்த முறை கணக்கு வாத்தியாரையும் தையல் டீச்சரையும் பக்கத்தில் உட்காரவைத்தே புரட்டினேன். ஜூலையில் இரண்டு வரி: 'திருமதி ஆனந்தமேரி அம்மாள் ஏதோ ஒரு பாடம் பற்றிப் பேசினார்.' எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. 'ஏதோ' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

கோபத்தில் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 15: 'பள்ளியின் வெள்ளிக் கேடயத்தில் கமிட்டி உறுப்பினர் அனைவரின் பெயர்களையும் பொறிப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பெயர்களின் வரிசை பின்னர் முடிவு செய்யப்படும்.'

மூன்று முறை படித்தேன். தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே மூன்று கையெழுத்து. கைரேகை எதற்கு? கையெழுத்தே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 4

அதே இரு சாட்சிகளுடன், பூட்டுக்கும் பித்தளைக்கும் பெயர் வெட்டுகிற வீரனின் கடைக்குப் போனேன். பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது. இரும்புச் சத்தத்தில் காது அடைத்தது.

"கேடயமா? இந்தா இருக்கு" என்று சாக்குக்கு அடியிலிருந்து எடுத்தார். "பங்குனியில மொக்கைச்சாமி கொண்டாந்து குடுத்தாப்ல."

மொக்கைச்சாமி பள்ளியின் பழைய பியூன். கோடையில் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போய்விட்டார்.

"ஏன் இன்னும் வெட்டவில்லை?"

"யார் பேரு மொதல்ல வரணும்னு சொல்லி விடுறோம்னாக. தலைவர் தன் பேருன்னாரு. போலீஸ்காரர் தன் பேருன்னாரு. ஹெட்மாஸ்டரு, 'நான் கடைசியில இருந்துக்கறேனுங்க, ஆனா எழுத்துப் பெருசா இருக்கட்டும்'னு ஆளு விட்டாரு. அப்புறம் ஒருத்தரும் வரல. நான் எத வெட்ட?"

"காணோம் என்று ஊரே பேசியதே, காதில் விழவில்லையா?"

"எங்கம்மா விழுகும், இந்தச் சத்தத்துல?"

அங்கேயே எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் 8

தீர்மானங்கள். ஒன்று: கேடயம் மீட்கப்பட்டது. இரண்டு: இரும்புச் சத்தம் கேட்கும் இடத்தைச் சரியாகக் குறிப்பிட்ட மை பார்ப்பவருக்கு நன்றி. மூன்று: பேச்சாயியைக் கருணையுடன் மன்னித்து வேலையில் சேர்த்துக்கொள்வது.

மூன்றாவதை எதிர்த்துக் கத்தினேன். ஒருமனதாக நிறைவேறியது.

நவம்பர் 9

பேச்சாயியிடம் சொன்னேன்.

"செய்யாததுக்கு என்னத்தம்மா மன்னிக்கிறது? மன்னிச்சா செஞ்சதாத்தானே அர்த்தம்? நான் எடுக்கலேன்னு எழுதிக் கேளுங்க. எழுதாம நான் வெளக்கமாத்தத் தொட மாட்டேன்."

நான் பதினோரு பக்கத்தில் எழுதியதை இவள் நின்ற நிலையில் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 15

அவள் கேட்டதை எழுத்து மூலம் கமிட்டிக்குக் கொடுத்தேன். துணைக் கமிட்டி பரிசீலிக்கும்.

நவம்பர் 20

கல்வி அதிகாரி சோதனைக்கு வரும் நாள். காலை ஏழு மணிக்கே பேச்சாயி கேட்டருகில் நின்றாள். சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. வேலுசாமி பதறி ஓடினார்.

"ஏனுங்க பேச்சாயி, இங்க எதுக்கு நிக்கறீங்க?" அவளை அவர் 'ங்க' போட்டு அழைத்தது இன்றுதான் முதல் முறை.

"ஒண்ணுமில்ல சார். ஐயா வந்தா என்ன நடந்துச்சுன்னு நானே சொல்லிக்கிறேன். நீங்க போயி வேலயப் பாருங்க."

ஐந்து நிமிடத்தில் காகிதம் வந்தது. பள்ளி முத்திரையுடன், தலைவர் கையெழுத்துடன். துணைக் கமிட்டி நடந்துகொண்டே கூடியது. 'கேடயத்தைப் பேச்சாயி எடுக்கவில்லை. கமிட்டியே பெயர் பொறிக்க அனுப்பி மறந்தது. அவர் மீது சுமத்திய பழி தவறு.' வாசகம் என்னுடையது. பேச்சாயி என்னை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கேட்டை விட்டு நகர்ந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். கேடயத்தைப் பார்த்தார், வழவழவென்று இருந்தது, ஒரு பெயரும் இல்லை. இங்கே குற்ற விஞ்ஞானம் என்று ஏதோ பாடம் உண்டாமே என்று கேட்டார். "ரொம்பச் சிறப்பா நடக்குதுங்க" என்றார் வேலுசாமி, என்னைக் கைகாட்டி. பார்வையாளர் புத்தகத்தில் அதிகாரி எழுதினார்: 'பிற பள்ளிகள் பின்பற்றத் தக்க முன்னோடிப் பாடம்.' ஒரு வகுப்பும் நடக்கவில்லை. மறுக்க வாயெடுத்தேன், காபி வந்துவிட்டது.

நவம்பர் 23

பேச்சாயி வந்தாள். காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். "நான் வெச்சிருந்தா என்னம்மா பிரயோசனம்? எனக்கும் படிக்கத் தெரியாது, அவளுகளுக்கும் தெரியாது. நீங்க வந்து வாசிங்க."

குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வருகிற வேளை, முப்பது குடமாவது வரிசையில் இருக்கும். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு நான் இத்தனை விறைப்பாக நின்றதில்லை. வாசித்தேன்.

"மறுக்கா வாசிங்க" என்றாள் மூக்காயி என்பவள். வாசித்தேன்.

"அப்ப எடுத்தது யாரு?"

"கமிட்டி" என்றேன்.

"அவுகள எந்த ஸ்டேசன்ல வெச்சிருக்கு?"

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பேச்சாயி சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கிளம்பிவிட்டேன். இதற்கு மேல் எழுதித் தரக் கமிட்டியிடமும் ஒன்றும் இல்லை, என்னிடமும் ஒன்றும் இல்லை.

தெருமுனை திரும்பும்போது மூக்காயியின் குரல் கேட்டது.

"ஏ பேச்சி, அடுப்புல சோறு இருக்கு. எங் குடத்தைச் செத்தப் பாத்துக்க, வந்துர்றேன்."