கிழமை தெரியாத மனுஷர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது என்று சொன்னேனே, போட்ட கதையைச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பக்கவாதம் வந்தபிறகு ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. இனித் தேறுவது கஷ்டம், குழாய் போட்டால் சில மாதம், இல்லாவிட்டால் சில நாள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் அவரிடமே விளக்கினார். அப்பா நாக்குக் குழற, வேணாம், போதும் என்றார். இரண்டு தடவை சொன்னார், எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் சொல்கிறவருக்கு நிலவரம் விளங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம், விளங்கினால் சட்டப்படி அவர் சொல்வதுதான் முடிவாம். டாக்டர் பேர் கேட்டார், அப்பா சொன்னார். என்ன வேலை என்றார், லேத் பட்டறை என்றார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். மாதம் கேட்டார், அதற்கும் என் முகத்தையே பார்த்தார்.

உனக்குத்தான் தெரியுமே, நூல் பிசகாமல் இரும்பைக் கடைகிற மனுஷருக்குக் கிழமை மட்டும் என்றைக்கும் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டே, இன்னைக்கு என்ன கிழமைடி என்று என்னைக் கேட்காமல் வாசல் தாண்டினதில்லை. லீவு நாளில் பட்டறைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு அசடு வழிய வந்தவர்தானே. இதை நான் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொண்டு என்னைக் கேட்டார்கள், போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே அவர் குழாயைப் பிடுங்கினார். இப்போது மறுபடி குழாயைப் போட்டு, இரண்டு கைக்கும் துணி உறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். கிழமை தெரியலைன்னா முடிவெடுக்கத் தெரியாதுன்னு ஆயிடாதும்மா, அவர் தெளிவா இருக்கிற நேரம் பார்த்து மறுபடி கேட்கச் சொல்லலாம் என்று நர்ஸம்மா சொல்லி நாலு நாளாகிறது. நான் கேட்கச் சொல்லவில்லை. நீ வந்து பார்க்கும்வரை இருக்கட்டும் என்றுதான் இப்படிச் செய்தேன் என்று என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். உனக்காக இல்லை கண்ணு. அவர் இல்லாத வீட்டுக்குள் தனியாகப் போய் விளக்கைப் போட எனக்குப் பயம்.

நாளைக் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மறுபடி கேட்பார்கள், அவர் வேண்டாம் என்பார், குழாயை எடுத்துவிடுவார்கள். நீ இதைப் படித்ததும் கிளம்பு. வார்டில் ஏசி குளிரும், குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். வழியில் சாப்பிடாமல் வராதே.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். வந்ததும் அப்பாவிடம் அன்றைக்கு என்ன கிழமை என்று சொல்ல மறக்காதே. இன்று காலை அவர் காதோரம் குனிந்து, வியாழக்கிழமைங்க என்று நான் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நீ சொன்னால் ஒருவேளை திரும்பிப் பார்ப்பார்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா