ரோஸ் காகிதம்

பெண்கள் கல்லூரி விடுதி,
பாளையங்கோட்டை.
21 ஜனவரி 1946

அன்புள்ள அக்காளுக்கு,

கிருபாபாய் எழுதுவது. ஆண்டவர் தயவில் சுகம். நீ கொடுத்தனுப்பிய கருப்பட்டி மிட்டாய் அறைக்கு வந்து பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. எல்லாம் கொள்ளை போயிற்று. அது போகட்டும், நாலே வரியில் ஒரு கடிதம், அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரே வரி! ஒரு கல்யாணப் பெண் இப்படியா எழுதுவாள்? தேவபிரசாதம் அத்தான் உயரமா, குட்டையா, சிரிப்பாரா, மாட்டாரா, எதுவும் தெரியாமல் நான் எப்படி அவரைக் கேலி செய்வது?

இங்கே ஜெயசெல்வி டீச்சர் சனிக்கிழமைதோறும் எழுத்து வகுப்பு நடத்துகிறார் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டு பேர் இருக்கிறோம். முதலில் ஆளுக்கொரு கதை எழுத வேண்டும். பிறகு ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி வெட்டித் திருத்த வேண்டும். வெட்டுப்பட்டவள் அழக்கூடாது, இது சட்டம். புரூப் திருத்தும் குறிகளை டீச்சர் பலகையில் போட்டதும் எல்லாரும் விழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவரும் புரூப்களை வைத்து, அவர் மடியில் உட்கார்ந்து அரிச்சுவடிக்கு முன்னால் நான் படித்தது அதைத்தானே!

இந்த வருஷத்து ஆண்டு மலர் முழுக்க எங்கள் வகுப்பின் வேலை. நான்தான் ஆசிரியை. அச்சு, நீ எழுத்துக் கோக்கும் அச்சகத்தில். பிப்ரவரி 16 கல்லூரி விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையின் முதலாளி வருகிறார். மலரைப் படித்துப் பார்த்து, ஒரு பெண்ணை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ளப் போகிறாராம். என் கதை ஒன்பதாம் பக்கம். வகுப்பில் அதுதான் முதல் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நீயே கோக்க வேண்டும், அக்கா. வேறு யாரிடமும் கொடுக்காதே. படித்துவிட்டுக் கோபப்படவும் கூடாது. பெயரெல்லாம் மாற்றிவிட்டேன்.

உன் செல்லத் தங்கை,
கிருபா

தூத்துக்குடி
29 ஜனவரி 1946

கிருபாவுக்கு,

இங்கு சுகம். நீயும் சுகமாக இரு. இனி எழுதப் போவது எல்லாம் கோபம்.

காலையில் உன் கதையைக் கோக்க எடுத்தேன். வேலை நேரத்தில் எனக்குக் கதை தெரியாது, எழுத்துத்தான் தெரியும். முதல் பக்கம் அப்படியே ஓடிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் ‘ரோஸ் காகிதம்’ என்று வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. பக்கத்து எழுத்துப் பெட்டியில் கோக்கிறவர், "என்ன அற்புதமணி, எழுத்து தீர்ந்துட்டா?" என்று கேட்கிறார்.

ஏளா, உனக்கு மூளை இருக்கா? பெயரை மாற்றினால் ஆயிற்றா? ஆறு வருஷத்துக்கு முன் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்டு, மூன்றாம் ஓலைக்கு முன்னால் குருவானவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று. கல்யாணம் நின்றது. அந்தக் கடிதம் என் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய ரோஸ் காகிதத்தின் வெட்டுத் துண்டில் எழுதியிருந்தது. அந்தத் துண்டுகளைப் பிள்ளைகள் எழுதிப் பழக என்று கேட்டு வாங்கிப் போயிருந்தவர் கிருபாநிதி சித்தப்பா. தன் மச்சினனுக்கு என்னைக் கேட்டு, அப்பா மாட்டேன் என்று சொன்ன வருத்தமும் அவருக்கு இருந்தது. வேறு சாட்சி எதற்கு? அப்பா சாகும்வரை தம்பியோடு பேசவில்லை.

அதை எழுதியது நான், இடது கையால். தபால் பெட்டியில் போட்டது நீ. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது அச்சில் போடப் போகிறாய்!

சித்தப்பாவின் கப்பல் ஆபீஸ் உங்கள் மலருக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. பிரதி அவர் மேசைக்கு வரும். நாசரேத்தில் தேவபிரசாதம் வாத்தியார் வேலை பார்க்கும் பள்ளிக்கும் வரும். ரோஸ் காகிதத்தைப் படித்ததும் சித்தப்பாவுக்கு விளங்காதா? வருகிற ஞாயிறு எனக்கு மறுபடியும் முதல் ஓலை. இருபத்தெட்டு வயதாகிறது. இதையும் கெடுத்துப்போடாதே. கதையை எடுத்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு, போதும்.

அக்கா,
அற்புதமணி

பாளையங்கோட்டை
31 ஜனவரி 1946

அன்பான அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. காகிதத்தின் நிறத்தை மாற்றினால் என்ன என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அந்த ரோஸ் காகிதத்தை எடுத்துவிட்டால் உன் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது?" என்றார்.

காகிதத்தை வெள்ளையாக்கிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கதை செத்துப்போயிற்று. அக்கா, நான் எழுதியதில் இது ஒன்றுதான் நன்றாக வந்திருக்கிறது. இது போனால் சென்னை போயிற்று. படிப்பு முடிந்ததும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான்.

உன்னைக் கேவலமாகவா எழுதினேன்? கதையில் வரும் சலோமி, தங்கை படிக்க வேண்டும், அதற்குத் தான் சம்பாதிக்க வேண்டும் என்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறாள். கதையைப் படித்த வகுப்புப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நீ எனக்காகச் செய்ததை நான் ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. அப்பாவை அடக்கம் பண்ணின அன்று சித்தப்பா கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாரே, அதை நீ எப்படி மறந்தாய்? அன்றைக்கு நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எனக்கு இன்னும் அந்த முகம் தெரிகிறது. கதையிலாவது அவரை விடுவிக்கிறேனே.

எடுக்க மாட்டேன். மன்னித்துக்கொள்.

கிருபா

தூத்துக்குடி
4 பிப்ரவரி 1946

கிருபா,

இத்துடன் புரூப் இருக்கிறது. உன் கதை முழுவதும் கோத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி கோப்பது என் வேலை. எழுதியவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பாமல் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை. வியாழக்கிழமை காலை இந்த எட்டுப் பக்கமும் மிஷினில் ஏறும். ஓடி முடிந்ததும் எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், அடுத்த எட்டுப் பக்கம் கோக்க வேறு எழுத்து இல்லை. அதற்குள் உன் முடிவைச் சொல்.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். என் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார், ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விட்டார்.

உன் கதையின் முடிவு பொய். அதைக் கோக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆள் பெண் பார்க்க வந்தபோது, கல்யாணம் ஆனதும் கையில் மை படுகிற இந்த வேலையெல்லாம் கூடாது என்றான். என் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லை. அதனால் மொட்டைக் கடிதம் எழுதினேன். பழி சித்தப்பா தலையில் விழுந்தபோது, விழட்டும் என்று சும்மா இருந்தேன். இதுதான் நடந்தது. நீ படித்தது நான் சம்பாதித்ததால்தான், ஆனால் அதற்காக அல்ல. என்னைத் தெய்வமாக்கி உன் தோழிகளை அழவைக்காதே.

இதற்குமேலும் கதை வரவேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அச்சடித்துத் தருகிறேன். ஆனால் என் கல்யாணத்துக்கு வராதே.

அற்புதமணி

பாளையங்கோட்டை
6 பிப்ரவரி 1946
(எக்ஸ்பிரஸ்)

அக்கா,

புரூபின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். கதை வேண்டாம். அந்த இடத்துக்கு, விடுதித் தோட்டத்தைப் பற்றி ஒருத்தி எழுதிய கட்டுரையை வைத்திருக்கிறேன், கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும். டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னைக்காக அழவில்லை என்றால் அது பொய். ஆனால் அதைவிட வேறொன்றுதான் என்னைக் குத்துகிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்திருந்தேன். உன்னை எனக்குத் தெரியும் என்று நினைத்து எட்டுப் பக்கம் எழுதினேன். தெரியவே இல்லை.

கல்யாணத்துக்கு நான் வரலாமா?

கிருபா

தூத்துக்குடி
11 பிப்ரவரி 1946

அன்புள்ள கிருபாவுக்கு,

மலர்க்கட்டு புதன்கிழமை ரயிலில் வரும். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் உன் கதைதான் இருக்கிறது.

உன் எக்ஸ்பிரஸ் கடிதம் வியாழன் காலை மிஷின் ஓடுமுன்பே வந்துவிட்டது. படித்தேன், இடுப்பில் செருகிக்கொண்டேன், அப்புறம்தான் ஏற்றச் சொன்னேன். எழுதியவள் வேண்டாம் என்றதை நான் அச்சடித்தேன். அப்பா இருந்தால் என்னை அச்சகத்தைவிட்டே துரத்தியிருப்பார். ஏன் செய்தேன் என்று கேள்.

உனக்கு உண்மையை எழுதிப் போட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புதன்கிழமை ஆபீஸ் விட்ட நேரம் இன்னொரு புரூபை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் சித்தி உள்ளே போய்விட்டாள். காகிதத்தை நீட்டி, "சித்தப்பா, அந்தக் கடிதம் நான் எழுதினது" என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

நின்றுகொண்டே கடைசிவரை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இங்கன தப்பா எழுதிருக்கா. அடக்கத்தன்னைக்கு வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனேன்னு போட்டிருக்கா. நான் போகல. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னேன். மண்ணு விழுத சத்தம் ஓயுத மட்டும் நின்னேன்."

அந்த வரியை அடித்து, ஓரத்தில் ஆபீஸ் கையெழுத்தில் எழுதினார். நான் அழுதேன். என்னை அழாதே என்று அவர் சொல்லவில்லை.

"இது எப்ப வெளிய வருது?" என்று கேட்டார்.

"எடுத்துரச் சொல்லிருக்கேன், சித்தப்பா. எனக்கு ஓலை வாசிச்சிக்கிட்டு இருக்காவ."

"ஒனக்கு ஓலை வாசிக்காவ. எனக்கு என்னத்த வாசிப்பாவ? ஆறு வருஷமா கோயில்ல எவனும் என் பக்கத்துல உக்காரல. மொட்டைக்கடிதாசிக்காரன் மவனான்னு என் புள்ளையக் கேக்கான். எங்கண்ணன் என்னைக் கள்ளன்னு நெனச்சிக்கிட்டே செத்துப்போனான். ஏளா, எடுக்காத. வரட்டும்."

அவர் திருத்திய புரூபை மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழன் காலை அவர் திருத்தியபடி அந்த வரியைக் கோத்தேன். நீ எழுதிய கடைசிப் பாராவைப் பிரித்துப் போட்டுவிட்டு, உனக்கு எழுதினேனே, எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று, அந்த நாலு வரியை வைத்தேன். உன் அளவுக்கு நன்றாக இல்லை. ஜெயசெல்வி டீச்சருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், குற்றம் என்னுடையது, கிருபா வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று. முடிவை நீ எழுதவில்லை என்பதைச் சென்னைக்காரரிடம் மறைக்காதே.

அன்றே ஒரு பிரதியைத் தேவபிரசாதத்துக்கும் ஆள்வழி அனுப்பினேன். மலர் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் அல்லவா?

நேற்று இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. மற்ற இரண்டு ஜோடிப் பெயரையும் வாசித்துவிட்டு, குருவானவர் புத்தகத்தை மூடினார். யோசிக்க நாள் வேண்டும் என்று நாசரேத்திலிருந்து சொல்லியனுப்பினார்களாம். கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். கல்யாணம் உண்டா என்றே தெரியவில்லை. வலிக்கிறது கிருபா. அவர் உயரம், சிரிப்பார், என் விரலைப் பார்த்துவிட்டு எந்த எழுத்து கோக்கக் கஷ்டம் என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

சித்தப்பா ஆசீர்வாதம்வரை இருந்தார். வெளியே வந்து எனக்காக நின்றார். கடற்கரை ரோடு வழியாக வீடுவரைக்கும் கூடவே வந்தார். சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கி நாற்றத்துக்குத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இன்னொன்று. பெயரை மாற்றிய கதையால் சித்தப்பாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சலோமி என்று நீ எழுதிய இடத்திலெல்லாம் என் பெயரைக் கோத்திருக்கிறேன். ஏழு இடம். புத்தகம் வந்ததும் சரிபார். கோபம் இருந்தால் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா,
ஜே. அற்புதமணி