கீழ்வேளூர் பேசவில்லை

இன்று காலை வலங்கைமானில் போய் இறங்கியதுமே நெல் அவிக்கும் நெடி முகத்தில் வந்து மோதியது. நம் அரிசிக் கம்பெனி புதிதாக எடுத்திருக்கும் ஆலை அது. ஆபீஸ் அறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் இந்த நெடியை மூச்சு முட்ட இழுத்து, "சோத்து வாசம்டி" என்பாய். சிகிச்சை தொடங்கிய பிறகு அதே நெடி உனக்கு ஆகாமல் போனது. துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "சீக்கிரம் எடு" என்பாய்.

அதன்பிறகு வேலை ஓடவில்லை. மென்பொருள் பாதி ஏறி நின்றது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், அதே இடத்தில் நின்றது. உட்கார்ந்தேன், எழுந்தேன், களத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். "ஏங்க மேடம், டீ சொல்லவா?" என்று கணக்கர் கேட்டார். என்னைப் பார்த்து அவருக்கே பதற்றம் வந்திருக்க வேண்டும்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலாக இந்த வேலையில் இறங்கிய வருடம் உனக்கு நினைவிருக்கும். முதலாளியின் மகன் வெளியூரில் படித்துவிட்டு வந்து, எல்லாக் கிளைகளும் ஒரே இடத்தில் பேச வேண்டும், கொள்முதல் விவரம், லாரி விவரம், கூட்டம் எல்லாம் ஒரே ஆப்பில் நடக்க வேண்டும் என்றார். தஞ்சாவூர்த் தலைமை அலுவலகத்தில் கணினி பார்ப்பவர்கள் நீயும் நானும்தான். கிளை கிளையாகப் போனோம். ஒரு கிளையில் கணினி முழுக்கக் கல்யாண போட்டோ, புது மென்பொருளுக்கு இடமே இல்லை. இன்னொன்றில் ஓடிபி எல்லாம் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்ட ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. உன் ஊரான கூத்தாநல்லூரில் சரியான பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே விடவில்லை. நான் மென்பொருள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்துச் சிரித்தாய். உள்ளிருந்த பேட்டரி செத்து, அந்தக் கணினி ஏதோ ஒரு பழைய வருடத்தில் நின்றிருந்தது. தேதியை மாற்றியதும் திறந்துகொண்டது. அன்று உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிங்கப்பூரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்திருந்த உன் அத்தா, தன் கையாலேயே மீன் வறுத்துப் போட்டார். உன் அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் நீயும் மட்டுந்தான். உன்னைப் பார்த்து நானும் உன் அப்பாவை அத்தா என்றே கூப்பிடத் தொடங்கினேன்.

எல்லாக் கிளையிலும் ஆப் ஏறியதும், "போன்ல இருக்கற பழைய குரூப்ப கலைச்சிடுங்க, இனிமே எல்லாம் இதுலதான்" என்றார் முதலாளி மகன். "கொஞ்ச நாள் ரெண்டும் ஓடட்டும் சார்" என்றாய். அவர் கேட்கவில்லை. குரூப் கலைந்தது. அதே வாரம்தான் உன் மார்பில் கட்டி என்று தெரிந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று ஆபீசில் சொன்னாய். உண்மையில் பாதி நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு மடியில் லேப்டாப். அத்தாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எதற்கு மறைக்கிறாய் என்று சண்டை போட்டேன். "தெரிஞ்சா பாவம் பாத்து எல்லாரும் ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சிருவாங்கடி. அத என்னால தாங்க முடியாது" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் வானம் கருத்துக்கொண்டு வந்த ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாய்.

"கீழ்வேளூர் பேசவே இல்லையே, கவனிச்சியா?"

நான் திரையைப் பார்த்தேன். கீழ்வேளூர்க் கிளைப் பொறுப்பாளர் செல்வராசு அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "ஆன்லைன்லதான்டி இருக்காரு" என்றேன்.

"கம்ப்யூட்டரு ஆன்ல இருக்கு. அவரு? போன் போட்டுப் பாரு."

போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். "அண்ணே, ஆப் வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டேன். "செய்யுதும்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். உன்னிடம் அப்படியே சொன்னேன்.

"வாய்க்கு வாய் வாம்மா தாயின்னு பேசுற மனுசன்டி. சாப்பிட்டியான்னு கேட்டாரா?"

"இல்ல."

"அப்ப சரியில்ல. நேர்ல போ."

எரிச்சலோடுதான் கம்பெனி ஜீப்பில் ஏறினேன். திருவாரூரைத் தாண்டும்போது முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. கீழ்வேளூரில் குறுவை நெல் களம் முழுக்கப் பரந்து கிடந்தது. பெண்கள் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மூட ஆங்காங்கே கிழிந்த தார்ப்பாய்கள்தான். செல்வராசு அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இப்பதான் வர வழி தெரிஞ்சிச்சா? எத்தன வாட்டிம்மா எழுதறது?"

"எங்கண்ணே எழுதினீங்க?"

திரையை என் பக்கம் திருப்பினார். அப்டேட் வந்தபோது எல்லாரும் சேர்ந்து பேசும் பொது அறை கீழே போய், அவர் பெயரிலேயே ஒரு அறை பட்டியலின் உச்சியில் வந்திருந்தது. தனக்குத் தானே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும் இடம். தன் பெயரைப் பார்த்ததும் அதுதான் தன் கிளைக்கான இடம் என்று நினைத்துவிட்டார். தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, வேறு அனுப்பவும். மேகம் கூடுது, லாரி வேணும். யாராச்சும் பதில் போடுங்க. எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "என் மேல தப்பிருந்தா நேர்ல சொல்லிடுங்க. நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்."

நாள்கணக்காக அவர் எழுதியிருக்கிறார். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கவில்லை. விளக்கிச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, களத்தைப் பார்த்தார். "அப்ப எம்மேல கோவமெல்லாம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

உன்னைக் கூப்பிட்டேன். மேற்கொண்டு நீ எதுவும் கேட்கவில்லை. கூத்தாநல்லூர்க் கிளையில் நின்ற லாரியின் டிரைவர் உன் தெருக்காரர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவரிடம் பேசி, தார்ப்பாய் ஏற்றி அனுப்ப வைத்தாய். லாரி வந்து சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஜீப் டிரைவரும் நானும்கூடச் சாக்கு பிடித்தோம். மேட்டுப் பக்கத்து நெல் முழுதும் தப்பியது. பள்ளத்தில் கிடந்தது கொஞ்சம் நனைந்து முளைத்துப் போனது.

மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லாக் கிளைகளும் திரையில் இருக்க, முதலாளி மகன் ஆரம்பித்தார். "சிம்பிளான ஆப். இதக்கூட யூஸ் பண்ணத் தெரியலன்னா என்ன சொல்றது?" செல்வராசு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அத்தனை நாளாக அணைந்தே கிடந்த உன் கேமரா எரிந்தது. தலையைச் சுற்றிய துணி. ஒட்டிப்போன கன்னம். பின்னால் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி.

"சார், அவரு பேசினாரு. நாமதான் கேக்குற எடத்துல இல்ல. பழைய குரூப்ப திரும்ப ஆரம்பிங்க. பழகற வரைக்கும் ரெண்டும் இருக்கட்டும்."

முதலாளி மகன் இரண்டு முறை உன் பெயரைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். கடைசியில் செல்வராசு அண்ணன்தான், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே பழைய குரூப் திரும்ப வந்தது.

தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் உங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தெருமுனை வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். அந்த நடை இன்னும் கால்களை விட்டுப் போகவில்லை. பிறகு ஆப்பில் உன் கணக்கை மூடும் வேலையும் என்னிடமே வந்தது. வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே மூடினேன்.

இப்போதெல்லாம் ஒரு கிளையில் ஆப் ஏற்றி முடித்தாலும் நான் உடனே கிளம்புவதில்லை. ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். அதைப் படித்தவர் வாய்விட்டுப் பதில் சொல்லும்வரை உட்கார்ந்திருக்கிறேன். "இந்தம்மா கெளம்பவே மாட்டாங்க" என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

வலங்கைமானில் ஒருவழியாக வேலை முடிந்தது. வெளியே வந்ததும் வழக்கம்போல அத்தாவுக்குப் போன் செய்தேன். "நல்லாருக்கேம்மா, ஒரு கொறையும் இல்ல" என்றார். அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. தஞ்சாவூர் பஸ் எதிரிலேயே நின்றது. அதில் ஏறாமல் கூத்தாநல்லூருக்கு வந்து சேர்ந்தேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அத்தா காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டி, ஊசி போட்டு, திரும்ப அழைத்து வந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா உங்கிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லலத்தா."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாளைக்கும் இருப்பியா?" என்றார்.

இருப்பேன் என்றேன். இப்போது அவர் தூங்குகிறார். உங்கள் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு லீவு வேண்டுமென்று முதலாளி மகனிடம் சொல்ல வேண்டும். ஆப்பில் போட்டாலே போதும்தான். ஆனாலும் போனில் கூப்பிட்டு, அவர் "சரிங்க" என்று சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.