வாட்ச் செயினில் குறையும் மூன்று கண்ணிகள்

அம்மா,

நீ சந்தையிலிருந்து வருவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

என் புவனேஸ்வரியின் வாட்சை பீரோவில் பார்த்தேன். அவள் இறந்த இந்த எட்டு மாதமாக அதை யாரும் கட்டவில்லை. இப்போது செயினில் மூன்று கண்ணி குறைகிறது. உட்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும்; கண்ணிகளைக் கோக்கும் பின்னை அந்தத் திசையில்தான் தட்டி எடுக்க வேண்டும். எதிர்த்திசையில் தட்டியதால் செயின் முழுக்கக் கீறல். உன் ஊசி டப்பாவில் தடித்த ஊசி ஒன்று வளைந்து கிடக்கிறது. கடையில் செய்த வேலை இல்லை இது.

இனி அது உன் கைக்கும் பத்தாது. அப்படியானால் யாருக்கு? ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை கீர்த்தனா வருகிறாள் என்றாய். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, அக்கா வீட்டப் பாக்க வாராடா. ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரித்தாய். எட்டு மாதத்தில் நீ சிரித்தது நேற்றுத்தான்.

அவளை எனக்குக் கட்டிவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. அந்தக் கண்ணிகளை மேசைமேல் வை. நானே மாட்டிக்கொள்கிறேன்.

ரசத்தைச் சூடாக்கிக்கொள். பிரஷர் மாத்திரை போடு.

முகேஷ்

பி.கு.: கீர்த்தனாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து இப்போது போன் செய்தேன். எடுத்ததுமே, "வாட்ச் அளவு சரியா இருக்கான்னு கேக்கத்தானே கூப்பிட்டீங்க, மாமா?" என்றாள். அழுத குரல். நானே அவளைப் பெண் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாய். இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அவள் நம்பவில்லை.