வால்வுப் பெட்டி என்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள அத்தைக்கு முத்தழகி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? ஓசூர்க் குளிரைத் தவிர எனக்கொரு குறையுமில்லை.

உங்கள் மகன் விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்துவிட்டு, கொழுந்தனார் கிடாருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொன்னீர்களே, கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் பஷீர் பாய், "டிரான்சிஸ்டர்னா லேசு, போட்டதும் பாடும்மா. இது சூடேறினாத்தான் வாயத் தொறக்கும்" என்றார்.

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தானுங்க, டீ குடிச்சாத்தான் பேசுவாரு."

சிரித்த பாய், என் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் எனக்கொரு டீ சொன்னார்.

பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். குளிருக்குப் போட்டுவிட்டால் கதகதப்பாக இருக்கிறது. அறைத்தோழி தஸ்லிம் அதன்மேல் சாக்ஸ் காயப்போடுகிறாள். கொழுந்தனாருக்குத் தீபாவளி போனஸில் புதுசு வாங்கித் தருகிறேன்.

பெட்டியை மூட உங்கள் மகன் சட்டை ஒன்று அனுப்புங்கள். கம்பெனி பஸ் ஆரன் அடிக்கிறது. சட்டையைத் துவைத்துவிடாதீர்கள், அத்தை.

முத்தழகி